பழைய நகராட்சிக் கட்டடம்: இடிக்கும் முன் இரண்டு கேள்விகளைப் பிரியுங்கள்

ஜூன் 2, மாலை (தொடங்கி வைத்த கேள்வி)

“எங்கள் நகராட்சி அலுவலகம் கட்டி 60 ஆண்டுக்கு மேல் ஆகிறது. மழை பெய்தால் ஒழுகுகிறது, கூரையிலிருந்து சிமெண்ட் உதிர்கிறது, லிஃப்ட் கிடையாது. இதை இடித்துவிட்டு, நகருக்கு வெளியே காலியாகக் கிடக்கும் அரசு நிலத்தில் எல்லாப் பிரிவும் ஒரே இடத்தில் இருக்கிற மாதிரி பெரிய வளாகம் கட்டப் போகிறார்களாம். சிலர் எதிர்க்கிறார்கள். விழப்போகிற கட்டடத்தைக் காப்பாற்றி என்ன ஆகப் போகிறது?”

ஜூன் 2, இரவு

இதில் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். கட்டடம் இன்னும் எத்தனை காலம் நிற்கும் என்பது ஒன்று. அலுவலகம் எங்கே இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ‘நிற்காது’ என்றே பதில் வந்தாலும், இரண்டாவதற்கு ‘ஊருக்கு வெளியே’ என்ற பதில் தானாக வந்துவிடாது. அதே மனையிலும் புதிதாகக் கட்டலாம். ஆனால் இரண்டையும் ஒரே தீர்மானத்தில் எழுதி ஒரே கூட்டத்தில் நிறைவேற்றிவிடுவார்கள். உள்ளாட்சிப் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அப்படி நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

வயதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சென்னையின் ரிப்பன் மாளிகை 1913-இல் திறக்கப்பட்டது, மாநகராட்சி இன்றும் அங்கிருந்துதான் இயங்குகிறது. லண்டனில் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் வடிவமைத்த சிட்டி ஹால் (நகர நிர்வாக அலுவலகம்) 2002-இல் திறந்தது, 2021 கடைசியில் காலி செய்துவிட்டார்கள். கட்டடம் பழுதாகவில்லை, வாடகைச் செலவைக் குறைக்க வேண்டியிருந்தது. ஒரு கட்டடம் கைவிடப்படுவதற்கு அதன் உடல்நிலை மட்டும் காரணமாக இருப்பதில்லை.

ஜூன் 3, காலை

“அப்படியானால் உடல்நிலையை எப்படிக் கண்டுபிடிப்பது, பார்த்தாலே தெரிகிறதே” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பார்த்தால் பாதிதான் தெரியும்.

உங்கள் கட்டடத்தின் வயதுக்கு அது அநேகமாகக் கம்பி போட்ட கான்கிரீட் தூண்களும் உத்திரங்களும் உள்ளதாக இருக்கும். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், சிமெண்டின் காரத்தன்மை. புதுக் கான்கிரீட்டின் பிஎச் அளவு (காரத்தைக் காட்டும் எண்) 12.5-க்கு மேல் இருக்கும், அந்தக் காரத்தில் கம்பியின் மேல் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலம் உண்டாகும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளிப்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே புகுந்து அந்தக் காரத்தை முறிக்கிறது. பிஎச் 9 அளவுக்கு இறங்கினால் படலம் போய்விடும். அதன் பிறகு ஈரமும் காற்றும் கிடைத்தால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் வெளிக் கான்கிரீட் வெடித்து உதிர்கிறது.

இதைச் சோதிப்பது எளிது. கொஞ்சம் கான்கிரீட்டை உடைத்து, புதிதாகத் தெரியும் பரப்பில் பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாக மாறும், காரம் போன பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத பட்டை கம்பி வரை வந்துவிட்டதா என்று அளந்து பார்க்கலாம். அப்புறம் கோர் (உருளையாகத் துளைத்து எடுக்கும் கான்கிரீட் துண்டு) எடுத்து நசுக்கிப் பார்ப்பது, சுத்தியல் சோதனை, மீயொலிச் சோதனை எல்லாம் உண்டு. அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்ப்பதும் உண்டு, அதைத்தான் அதிகம் தவிர்ப்பார்கள்.

இவற்றில் எதுவும் செய்யாமல் ‘கட்டடம் பழுதடைந்துள்ளது’ என்று ஒரு வரி எழுதி, கீழே கையெழுத்துப் போட்ட அறிக்கைகள் உண்டு. உங்கள் ஊர் அறிக்கை எத்தனை பக்கம், எந்தத் தூணில் எந்தச் சோதனை என்று முதலில் கேளுங்கள்.

ஜூன் 3, மதியம்

பூச்சு விழுவதும் கான்கிரீட் விழுவதும் வேறு வேறு. பூச்சு என்பது மேலே தடவிய காரை, அது விழுந்தால் தலைக்கு ஆபத்து, கட்டடத்துக்கு இல்லை. விழுந்த இடத்தில் கம்பி தெரிகிறதா, கம்பி போகும் திசையிலேயே நீளமாக விரிசல் ஓடுகிறதா, பழுப்புக் கறை வழிகிறதா என்று பாருங்கள். இவை இருந்தால் விஷயம் பெரிது. அந்த இடத்துக்குக் கீழே யாரையும் உட்கார வைக்காதீர்கள், அறிக்கை வருவதற்குக் காத்திருக்கவும் வேண்டாம்.

ஜூன் 4

பழைய அலுவலகக் கட்டடங்கள் ஏன் சீக்கிரம் சோர்ந்துபோகின்றன என்று ஒருவர் கேட்டார். என் அனுபவத்தில் பாதிக் காரணம் சுமை.

கூரை ஒழுகும். ஒழுகினால், தண்ணீர் இறங்காமல் இருக்க, கூரை மேல் இருக்கிற தளப் பூச்சின் மேல் இன்னொரு தளப் பூச்சு போடுவார்கள். சில ஆண்டு கழித்து மறுபடி ஒழுகும், அதன் மேல் இன்னொன்று. பழைய தளத்தை எடுக்க ஆள் செலவு, நேரச் செலவு என்று யாரும் எடுக்க மாட்டார்கள். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மழைநீர்க் குழாய் வாயைத் தேடித் தோண்டியபோது, ஒன்றன் மேல் ஒன்றாகத் தளங்கள் முழங்கால் உயரத்துக்கு இருந்தன. அத்தனை எடையையும் கீழே இருந்த உத்திரங்கள் தாங்கிக்கொண்டிருந்தன. தண்ணீரும் அந்த அடுக்குகளுக்கு நடுவில் தேங்கி ஆண்டு முழுவதும் கூரையை ஈரமாகவே வைத்திருந்தது. ஈரம், கம்பி, துரு. மேலே சொன்ன கதைதான்.

இன்னொன்று கோப்புகள். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 875-இல், கோப்புகளுக்குத் தனி அறை உள்ள அலுவலகத்தில் தரை தாங்க வேண்டியது சாதாரண அறைக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன் சுமை (ஏறத்தாழ 250 கிலோ எடை), கோப்பறைக்கு 5 கிலோநியூட்டன். அதாவது இரண்டு மடங்கு. நடைமுறையில் எந்த அறை காலியானாலும் அங்கே இரும்பு அலமாரிகள் வந்துவிடும். காகிதக் கட்டின் எடையை யாரும் எடையாக நினைப்பதில்லை.

கூரை அடுக்குகளை எடுத்து, அலமாரிகளைத் தரைத்தளத்துக்கு இறக்கினாலே சில கட்டடங்களுக்கு உயிர் வரும். எல்லாவற்றுக்கும் வராது.

ஜூன் 6

“நீங்கள் பழைய கட்டடத்துக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்” என்று இரண்டு பேர். இல்லை. இப்போது மறுபக்கத்தைச் சொல்கிறேன்.

நகராட்சி அலுவலகம் சாதாரண அலுவலகம் போன்றதல்ல. வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால் மீட்பு வேலை அங்கிருந்துதான் நடக்க வேண்டும். யார் எந்தத் தெருவில் இருக்கிறார்கள், குடிநீர்க் குழாய் எங்கே போகிறது என்ற விவரமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஜப்பானில் கூமமோத்தோ மாகாணத்தில் உத்தோ என்ற ஊரின் நகராட்சிக் கட்டடம் 1965-இல் கட்டப்பட்டது, ஐந்து மாடி. 2016 ஏப்ரலில் வந்த நிலநடுக்கத்தில் அதன் நான்காவது மாடி நசுங்கிப்போனது. ஊருக்கு உதவ வேண்டிய நேரத்தில் அலுவலகமே இடம் தேட வேண்டியதாயிற்று. ஜப்பானில் 1981-இல்தான் நிலநடுக்க விதிகளைக் கடுமையாக்கினார்கள். அதற்கு முன் கட்டியவை என்றால் அங்கே தனி எச்சரிக்கையோடு பார்ப்பார்கள்.

60-களில் கட்டிய கான்கிரீட் கட்டடங்களைப் பற்றி எனக்குள்ள பெரிய கவலை இதுதான். சாதாரண நாளில் சும்மா நிற்கும். ஆனால் தூணும் உத்திரமும் சேரும் இடத்தில் வளையக் கம்பிகளை அந்தக் காலத்தில் நெருக்கமாகப் போடவில்லை. பக்கவாட்டில் உலுக்கினால் அந்த மூட்டுகள்தான் முதலில் விடும். சோதனையில் கான்கிரீட் நன்றாகவே இருந்தாலும் இந்தக் குறை இருக்கும். ஆகவே ஜூன் 3 அன்று சொன்ன சோதனைகளோடு, மூட்டுகளில் கம்பி எப்படிக் கட்டியிருக்கிறது என்பதையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஜூன் 7

வலுப்படுத்த முடியாதா? முடியும், செய்திருக்கிறார்கள்.

சான்பிரான்சிஸ்கோவின் பழைய நகர மன்றத்தை 27 ஆண்டுகள் இழுத்து இழுத்துக் கட்டினார்கள். 1906 நிலநடுக்கத்தில் சில நொடிகளில் உதிர்ந்தது. இப்போது இருப்பது 1915-இல் திறந்தது. 1989 நிலநடுக்கத்தில் இதுவும் அடிபட்டது. இந்த முறை இடிக்காமல், கட்டடத்தை அஸ்திவாரத்திலிருந்து வெட்டிப் பிரித்து, அடியில் 500-க்கும் மேற்பட்ட ரப்பர்த் தாங்கிகளை வைத்தார்கள். நிலம் ஆடும்போது மேலே கட்டடம் மெதுவாக நகர்ந்து கொடுக்கும். 1999-இல் மறுபடி திறந்தார்கள். சால்ட் லேக் சிட்டியின் 1894-ஆம் ஆண்டு நகர மன்றக் கட்டடத்துக்கு 80-களின் கடைசியிலேயே இதைச் செய்துவிட்டார்கள்.

ஆனால் இது எல்லா ஊருக்கும் கைவரும் வேலை இல்லை. கனத்த கல், செங்கல் கட்டடங்களுக்கும், ஊரே கொண்டாடும் கட்டடங்களுக்கும்தான் அத்தனை செலவு நியாயம். ஐந்தாறு அறையும் ஒரு மன்றக் கூடமும் உள்ள கான்கிரீட் கட்டடத்துக்குத் தூண்களைச் சுற்றிக் கூடுதல் கம்பியும் கான்கிரீட்டும் போட்டு உறை கட்டுவார்கள், சில இடங்களில் புதிதாகச் சுவர் எழுப்புவார்கள். வலுப்படுத்தும் செலவு, புதிதாகக் கட்டும் செலவில் பாதியைத் தாண்டும் என்றால் நான் புதிதாகவே கட்டச் சொல்வேன். இது விதியில் உள்ளதில்லை, என் கணக்கு.

ஜூன் 9

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். என் மனதில் கனமாக இருப்பது இதுதான்.

நான் இருந்த ஓர் அலுவலகத்தை நகர நடுவிலிருந்து வெளியே மாற்றினார்கள். புதுக் கட்டடம் நன்றாக இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். வெளிச்சம், அகலமான நடை, சுத்தமான கழிப்பறை. ஊழியர்கள் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். சில மாதங்கள் கழித்துக் கவுன்ட்டர் பக்கம் ஒரு மாற்றம் கண்ணில் பட்டது. முன்பெல்லாம் ஒவ்வொருவரும் தன் விண்ணப்பத்தோடு தானே வருவார்கள். கடைக்கு வந்தவர்கள், மருத்துவமனைக்கு வந்தவர்கள், பிள்ளையைப் பள்ளியில் விட வந்தவர்கள் போகிற வழியில் எட்டிப் பார்த்து, “என் மனு என்ன ஆச்சு?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். மாற்றிய பிறகு, ஒரே ஆள் பலருடைய விண்ணப்பங்களைக் கட்டாகக் கொண்டுவருவது வழக்கமாகிவிட்டது. அப்படிக் கட்டாகக் கொண்டுவந்தவர்கள் அதைச் சும்மா செய்யவில்லை. அரை நாள் கூலியை விட்டு அவ்வளவு தூரம் வர முடியாதவர்கள், வேறு வழியில்லாமல் அவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள்.

எங்கள் மேலதிகாரி அதை ‘கூட்டம் குறைந்துவிட்டது, நிர்வாகம் சீரானது’ என்று அறிக்கையில் எழுதினார். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் எனக்குத் தணியவில்லை.

மன்றக் கூட்டமும் அப்படித்தான். நகர நடுவில் இருந்தபோது பார்வையாளர் பெஞ்சில் நாலு பேராவது இருப்பார்கள். தெருவிளக்கு எரியாத கோபத்தோடு வந்து உட்கார்ந்திருப்பவர் ஒருவர் இருந்தாலே உறுப்பினர்கள் பேசுகிற விதம் மாறும். வெளியே போன பிறகு அந்த பெஞ்சு காலி.

ஜூன் 9, இரவு

பாஸ்டன் நகரத்திலும் இந்தப் பேச்சு வந்தது. அங்குள்ள சிட்டி ஹால் 1968-இல் திறந்த கரடுமுரடான கான்கிரீட் கட்டடம், நிறையப் பேருக்குப் பிடிக்காது. 2006-இல் அப்போதைய மேயர் தாமஸ் மெனினோ, அதை விற்றுவிட்டுத் துறைமுகப் பக்கம் புதிதாகக் கட்டலாம் என்றார். இப்போதைய இடத்துக்கு ரயிலில் வந்து இறங்கி நடந்தே போகலாம், புது இடத்துக்கு அந்த வசதி இல்லை என்ற எதிர்ப்பு வந்தது. திட்டம் நடக்கவில்லை. முன்னால் இருந்த பெரிய செங்கல் திடலைச் சரிவுப் பாதைகளோடு திருத்தி 2022-இல் திறந்தார்கள், 2025-இல் கட்டடத்தையே பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். அந்தக் கட்டடம் எனக்கும் அழகாகப் படவில்லை. ஆனால் அது இருக்கும் இடத்தை விட்டுக்கொடுக்காமல் இருந்ததை நான் மதிக்கிறேன்.

ஜூன் 10

“எல்லாம் இணையத்தில் வந்துவிட்டதே, யார் நேரில் வருகிறார்கள்?” என்ற கேள்வி எதிர்பார்த்ததுதான்.

வரி கட்டுவது, பிறப்புச் சான்று எடுப்பது எல்லாம் இணையத்தில் நடக்கிறது, நல்லது. நேரில் வருகிறவர்கள் யார் என்று பாருங்கள். சான்றிதழில் பெயர் தப்பாக ஏறியவர், கணவர் பெயரில் இருந்த வீட்டைத் தன் பெயருக்கு மாற்ற அலைகிறவர், பக்கத்து வீட்டுக்காரர் பாதையை அடைத்துவிட்டார் என்று வருகிறவர், விசாரணைக்கு அழைக்கப்பட்டவர். கணினியில் தீராத காரியம்தான் நேரில் வருகிறது, அது அதிகமாக வயதானவர்களின் காரியமாக இருக்கிறது. நேரில் வருகிறவர் எண்ணிக்கை குறையக் குறைய, வருகிறவரின் அவசரமும் இயலாமையும் கூடிக்கொண்டே போகிறது. இடம் தேர்வு செய்யும்போது இவர்களைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஜூன் 11

வெளியே போவதற்கு ஒரே நியாயமான காரணம் சொல்ல முடியும் என்று யோசித்துப் பார்த்தேன். இருக்கிற மனை தாழ்வாக இருந்து ஒவ்வொரு வெள்ளத்திலும் தரைத்தளம் மூழ்குமானால், அங்கேயே கட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. அப்படிப்பட்ட ஊரில் அலுவலகத்தை மேட்டுக்கு மாற்றட்டும், ஆனால் மனு வாங்கவும் சான்று கொடுக்கவும் ஓர் அறையை நடுவிலேயே விட்டுவைக்கட்டும்.

ஸ்வீடனில் கிரூனா என்ற ஊரின் நிலை இன்னும் கடினம். அடியில் இரும்புச் சுரங்கம் விரிந்துகொண்டே வருவதால் நகரத்தின் நடுப்பகுதியையே மாற்றுகிறார்கள். 1960-களில் கட்டிய நகர மன்றத்தை இடிக்க வேண்டியிருந்தது. அதன் மேலிருந்த இரும்பு மணிக்கூண்டைக் கழற்றிக் கொண்டுபோய், 2018-இல் திறந்த புது மன்றத்தின் பக்கத்தில் நிறுத்தினார்கள். அங்கே அலுவலகத்தோடு கடைத்தெருவும் வீடுகளும் சேர்ந்தே நகர்கின்றன, அதனால் அலுவலகம் மறுபடியும் நடுவிலேயே இருக்கும்.

ஜூன் 14

ஆவணங்களைப் பற்றி யாருமே கேட்கவில்லை. நானே எழுதுகிறேன்.

இடமாற்றத்தில் நிரந்தரமாகத் தொலைவது காகிதம்தான். மேசை போனால் இன்னொரு மேசை வாங்கலாம். பழைய மனைப்பிரிவு வரைபடம், 40 ஆண்டுக்கு முந்தைய பிறப்பு இறப்புப் பதிவேடு போனால் ஒருவருடைய வீடும் வாரிசுரிமையும் தொங்கலில் நிற்கும். நான் பார்த்த மாற்றத்தில் கட்டுகளைச் சாக்கில் போட்டு லாரியில் ஏற்றினார்கள். எந்தச் சாக்கில் எந்தப் பிரிவு என்று எழுதவில்லை. அடையாளச் சீட்டு இல்லாத சாக்குகள் புதுக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே வெகுகாலம் கிடந்தன. அந்தச் சமயத்தில் ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியவர்களின் முகம் எனக்கு நினைவிருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. மாற்றுவதற்கு முன்பே பட்டியல் எழுத வேண்டும். அலமாரி எண், தட்டு எண், கட்டு எண் மூன்றும் சீட்டில் இருக்க வேண்டும். நிரந்தரப் பதிவேடுகளை முதலில் ஸ்கேன் செய்துவிட வேண்டும். அந்த வேலைக்குத் திட்ட மதிப்பீட்டிலேயே தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு கேட்டால் பணம் இருக்காது.

ஜூன் 14, பிற்பகல்

அதே மனையில் கட்டுகிறவர்களும் கவனியுங்கள். ஜெர்மனியில் கோல்ன் நகரின் வரலாற்று ஆவணக் காப்பகம் 2009 மார்ச் 3 அன்று சரிந்தது. அதன் முன்பக்கத்தில் சுரங்க ரயிலுக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் இறந்தார்கள், பல நூற்றாண்டு ஆவணங்கள் சேற்றிலும் நிலத்தடி நீரிலும் புதைந்தன. பெரும்பகுதியைத் தோண்டி எடுத்துவிட்டாலும், சீர்செய்யும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. பழைய கட்டடத்தில் கோப்புகளை வைத்துக்கொண்டே பக்கத்தில் அடித்தளத்துக்கு ஆழமாகத் தோண்டாதீர்கள்.

ஜூன் 16

பழையதையும் வைத்துக்கொண்டு புதியதையும் கட்டிய ஊர் உண்டா என்று கேட்டவருக்கு: டொரண்டோ. பழைய நகர மன்றம் 1899-இல் திறந்தது. புதியது 1965-இல், ஃபின்லாந்தின் வில்யோ ரெவெல் வடிவமைத்தது, வீதியின் எதிர்ப்பக்கத்திலேயே. 60-களில் பழையதை இடித்து வணிக வளாகம் கட்டத் திட்டமிட்டார்கள், நகரவாசிகள் போராடி நிறுத்தினார்கள். பழைய கட்டடம் நீதிமன்றமாகப் பல பத்தாண்டுகள் பயன்பட்டது. அலுவலகம் பெரிதானது, நவீனமானது, ஆனால் அந்த வீதியை விட்டுப் போகவில்லை.

உங்கள் மனையில் பின்பக்கம் காலி இடம் இருந்தால் இதைக் கேளுங்கள். பின்னால் புதியதைக் கட்டி, அலுவலகத்தை அதற்குள் மாற்றி, அப்புறம் பழையதை என்ன செய்வது என்று முடிவெடுக்கலாம். வாடகை இடத்தில் சிதறிக் கிடக்கும் காலம் மிச்சமாகும். அந்தச் சிதறல் காலத்தில்தான் மக்கள் வரி ஓரிடம், சுகாதாரம் ஓரிடம் என்று அலைவார்கள்.

ஜூன் 17

புதியது என்றால் பழுது வராது என்று நினைக்கிறவர்களுக்கு அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்தைச் சொல்ல வேண்டும். மைக்கேல் கிரேவ்ஸ் வடிவமைத்து 1982-இல் திறந்த நகராட்சி அலுவலகக் கட்டடம், கட்டடக்கலைப் புத்தகங்களில் எல்லாம் வந்தது. ஆனால் சின்னச் சின்ன ஜன்னல்கள், உள்ளே இருட்டு, வெளிச்சுவரில் ஒழுகல். 40 ஆண்டு ஆவதற்குள் வெளிப்புறம் முழுவதையும் அலுமினியத்தால் போர்த்தி மறுசீரமைக்க வேண்டியதாயிற்று.

கட்டுவதற்கு நிதி வாங்குவது எளிது, திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. கூரைக் குழாயைச் சுத்தம் செய்ய நிதி கேட்டால் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்பார்கள். நான் ஜூன் 4 அன்று சொன்ன கூரை அந்த அலட்சியத்தில் வந்ததுதான். கண்ணாடிச் சுவரும் மத்திய ஏசியும் லிஃப்ட்டும் உள்ள வளாகத்துக்குப் பராமரிப்பு பல மடங்கு ஆகும். லிஃப்ட் நின்றுபோனால் மூன்றாம் மாடியில் உள்ள பிரிவு, சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு இல்லாத பிரிவு. பொதுமக்கள் வரும் எல்லாக் கவுன்ட்டரையும் தரைத்தளத்தில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஜூன் 20

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: அடுத்த வாரம் கருத்துக் கேட்புக் கூட்டமாம், எழுதிக் கொடுக்க என்ன இருக்கிறது என்கிறார்.

முதல் மனு, தீர்மானத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்லி: கட்டடத்தின் நிலை தனி, இடம் தனி. இரண்டாவது, முழுச் சோதனை அறிக்கையை எல்லோரும் பார்க்க வைக்கச் சொல்லி. அதில் தூண் வாரியாக முடிவு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அதையே கூட்டத்தில் சொல்லுங்கள். மூன்றாவது, அதே மனையில் கட்டினால் என்ன செலவு என்ற மதிப்பீடு. வெளியே உள்ள நிலம் இலவசம் என்பார்கள். சாலை, குடிநீர், கழிவுநீர், பேருந்து வசதி எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோகும் செலவை அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆவணங்களுக்கான ஒதுக்கீட்டையும், முதல் பத்து ஆண்டுப் பராமரிப்புக்கான தொகையையும் எழுத்தில் கேளுங்கள்.

கூட்டம் எங்கே நடக்கிறது என்பதையும் பாருங்கள். புது மனையிலேயே நடத்தினால், வர முடியாதவர்கள் சார்பில் அவர்கள் கையெழுத்திட்ட கடிதங்களை முன்கூட்டியே வாங்கி, கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டும் வாங்கிவிடுங்கள்.